சக்கரும் சக்கரையும்

விமான் நகர் அலுவலகத்துக்குப் போன மாதம் வந்திருந்தபோது உங்கள் மேசைகளைப் பார்த்தேன். கணினிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செடி, செடிக்குப் பின்னால் லேமினேட் செய்த முதலுதவிச் சான்றிதழ். நல்லது. மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வீடியோவை ஓடவிட்டு, கடைசியில் வந்த கேள்விகளுக்கு டிக் அடித்து வாங்கியது என்று உங்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்டுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், திட்டுவதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது.

அதனால் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பிள்ளைகளும் பாதுகாப்புப் பிரிவுத் தம்பிகளும் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இங்கேயே பிறந்து தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படியாவது பக்கத்தில் இருப்பவரோடு பேசுவீர்கள்.

நான் இங்கே புனே கட்கியில் பிறந்தவள். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. பூர்வீகம் பாளையங்கோட்டைப் பக்கம். போசரியில் இருந்த நம் கம்பெனியின் பழைய தொழிற்சாலையில் நர்ஸாகச் சேர்ந்தேன், அங்கேயே ஓய்வு பெற்றேன். எஸ்தர் என்ற பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் சிஸ்டர். முதலாளிக்கும் சிஸ்டர், என்னைவிட மூத்த வாட்ச்மேனுக்கும் சிஸ்டர், இன்றைக்கும் கட்கி பஜாரில் வெங்காயம் வாங்கப் போனால் சிஸ்டர்.

எங்கள் காலத்திலும் கட்டாயப் பயிற்சி என்றால் ஆட்கள் ஓடி ஒளிந்தார்கள். அன்றைக்கென்று மிஷின் பழுதாகும், மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும். பயிற்சிக்காக ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ரப்பர் மனிதன். மார்பை அழுத்திப் பழகுவதற்கு. நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறான், ஒரு வேலையும் செய்வதில்லை என்று அவனுக்குக் ‘காம்சோர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தியில் வேலைக்கள்ளன் என்று அர்த்தம். “சிஸ்டர், இன்னிக்குக் காம்சோருக்கு உயிர் வந்துச்சா?” என்று கேட்டபின்தான் டீயையே கையில் எடுப்பார்கள். அந்தக் கேலியும் சத்தமும் இப்போது நினைத்தால் இனிக்கிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார். ராணுவ வழக்கப்படி உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிடுசிடுப்பான மனிதர். எல்லாவற்றையும் அவர் ஒரே வரியில் அடக்கிவிடுவார்: “பெஹலே தேகோ, ஃபிர் பூச்சோ, உஸ்கே பாத் ஹாத் லகாவ்.” முதலில் பார், பிறகு கேள், அதற்குப் பிறகு கையை வை. கேட்காமல் கையை வைத்தால் ஸ்கேலால் விரலில் ஒன்று போடுவார். நர்ஸிங் படித்துவிட்டு வந்த எனக்கும் போட்டிருக்கிறார்.

பார்ப்பது எளிது, கை வைப்பதும் பழகிவிடும். நடுவில் இருக்கும் அந்தக் கேள்விதான் அவசரத்தில் நழுவிப்போகும். இதை நான் புரிந்துகொண்ட கதையைத்தான் சொல்லவந்தேன். அதற்கு முன்னால் எங்கள் எச்.ஆர். மேனேஜர் மயங்கி விழுந்ததைச் சொல்ல வேண்டும்.

அவருக்கு இந்தப் பயிற்சி ஆகாது. “சட்டத்துக்காக நடத்துறோம் சிஸ்டர், சட்டுபுட்டுன்னு முடிங்க” என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு தடவை, ரத்தப்போக்கை எப்படி நிறுத்துவது என்று காட்ட பீட்ரூட் சாறு பிழிந்து ஒரு துணியில் நனைத்துக் கொண்டுவந்தேன். முன்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார், துணியைப் பார்த்தார், அப்படியே நாற்காலியோடு சரிந்தார். அவர் தரையில் விழுவதற்குள் ஓடிப்போய்த் தாங்கியது சாவந்த்.

சாவந்த் சாங்வியிலிருந்து பைக்கில் வரும் ஃபிட்டர். மராத்திக்காரர். ஒரு முறை காட்டினால் போதும், கை அப்படியே செய்யும். என்னிடம் படித்தவர்களில் அவரைப்போல ஒருவர் கிடையாது. அன்றும் அவர் பதறவில்லை. “சர், சக்கர் ஆலி கா?” என்று கேட்டார். மராத்தியில் சக்கர் என்றால் தலைசுற்றல். மேனேஜர் “சக்கர்... சக்கர்...” என்று முனகினார். சாவந்த் அவரை மல்லாக்கப் படுக்கவைத்தார், கால்களைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்தார், டையைத் தளர்த்தினார். கேன்டீன்காரர் டீயோடு ஓடிவந்தபோது, “காஹி தேவு நகா!”, எதுவும் கொடுக்காதீர்கள் என்று ஒரு அதட்டல். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எழுந்து உட்கார்ந்து, வெட்கத்தோடு, பயிற்சி மிகவும் பயனுள்ளது என்றார். கூரை அதிரக் கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து அது எங்கள் தொழிற்சாலையில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. சக்கர் என்றால் படுக்கவை, காலைத் தூக்கு, வாயில் எதுவும் கொடுக்காதே. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாவந்துக்குப் பச்சை நிறத்தில் முதலுதவியாளர் பேட்ஜ் கொடுத்தோம். அதை அவர் சட்டைப் பையில் குத்திக்கொண்டுதான் வீட்டுக்கே போவார்.

இனி தனபால் அண்ணன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்திலேயே கட்கிக்கு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்கு அடுத்த தெரு. மராத்தியில் அவர் போடும் சண்டையைக் கேட்டால் மராத்திக்காரர்களே வாயைப் பிளப்பார்கள். அவர் தமிழர் என்பது தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. என்னிடம் மட்டும்தான் தமிழ். என் திருநெல்வேலிப் பேச்சைக் கேலி செய்யாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போகாது.

மதியம் என் அறை வாசலைக் கடந்துதான் அவர் கேன்டீனுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி நான், “அண்ணே, சாப்ட்டியளா?” என்பேன்.

அவர் நின்று, கையைக் கட்டி, “இன்னும் இல்லீங்க மேடம். நீங்க அல்வா குடுப்பீங்கன்னு காத்துக்கினு கீறேன்” என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு நாள்கூட நான் அல்வா கொடுத்ததில்லை, ஒரு நாள்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஏணி ஏற விடமாட்டார்கள், ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து எங்காவது மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்து மறைத்து வைத்திருந்தார். காலையில் மாத்திரை போடுவது அவர் மனைவி மல்லிகா அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம், வரும் நாள் அது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் பக்தர்கள், வார்கரிகள், ஆளந்தி ரோட்டை நிறைத்துக்கொண்டு வருவார்கள். புனேக்குப் புதியவர்களாக இருந்தால் ஒரு முறை போய்ப் பாருங்கள். எங்கள் கம்பெனி வருடா வருடம் ரோட்டோரம் ஷாமியானா போட்டு வாழைப்பழமும் டீயும் கடலை மிட்டாயும் கொடுக்கும். நான் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நடந்து நடந்து கொப்புளம் வெடித்த பாதங்களுக்கு மருந்து போடுவேன். தனபால் அண்ணன்தான் பந்தலுக்குப் பொறுப்பு. அவருக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம்.

“நம்ம பழனி பாதயாத்திர மாதிரிதான் சிஸ்டர் இதுவும். அங்க முருகன் கைல வேலு, இங்க பண்டரிபுரத்துச் சாமி இடுப்புல கை. அவ்ளோதான் வித்தியாசம்” என்று அன்று காலையில் சொல்லிவிட்டுப் போனார். சிணுசிணுவென்று தூறல். மேலே ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பழத்தாரைச் சீப்புச் சீப்பாக அறுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணி கட்டிக்கொடுத்த இட்லி ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. இந்தக் கூட்டம் போகட்டும், இந்தக் கூட்டம் போகட்டும் என்று தள்ளிப்போட்டார். வார்கரிகள் பசியோடு நடந்து வரும்போது தான் நின்று தின்பதா என்று அவருக்கு ஒரு கூச்சம். மாத்திரையோ காலையிலேயே உள்ளே போய்விட்டது.

நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முதலில் அவருக்குக் கோபம் வந்ததாம். ஒரு பழச்சீப்பு கீழே விழுந்ததற்காக யாரையோ பிடித்துக் கத்தியிருக்கிறார். மராத்தியில் ‘பாவு’ என்றால் அண்ணன். தனபால்பாவுக்குக் கோபம்கூட வருமா என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு பழத்தோலைத் தட்டில் அடுக்கிவிட்டுப் பழத்தைக் குப்பைக் கூடையில் போட்டாராம். அதற்கும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“சிஸ்டர்! தனபால்பாவுலா சக்கர் ஆலி!” என்று குரல் வந்தபோது என் மடியில் ஒரு பெரியவரின் பாதம். அதை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். தலைசுற்றல்தானே, சாவந்த் பக்கத்தில்தானே இருக்கிறார் என்ற நிம்மதியோடுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் எல்லாம் நான் கற்பித்தபடியே நடந்திருந்தது. அண்ணன் மல்லாக்கப் படுத்திருந்தார். கால்கள் ஒரு பழக்கூடையின்மேல். சுற்றிக் கயிறு கட்டினாற்போல் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஒரு வார்கரிப் பெரியவர் கடலை மிட்டாயை நீட்ட, சாவந்த் இரண்டு கையாலும் மறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மராத்தியில் ஒரு சிப்பாயைப்போல ஒப்பித்தார்: தலைசுற்றல் என்று அவரே சொன்னார், நினைவு இருக்கிறது, காலைத் தூக்கியாயிற்று, வாயில் எதுவும் கொடுக்கவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் ரோடு முழுக்க ஜனம், எப்போது வரும் என்று தெரியாது. கடைசியாக, “முழங்காலும் வலிக்குது போல சிஸ்டர். சக்கர், குடகான்னு ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்றார்” என்றார். மராத்தியில் குடகா என்றால் முழங்கால். அதற்காக முழங்காலுக்கு அடியில் ஒரு பையைச் சுருட்டி வேறு வைத்திருந்தார்.

நான் குனிந்தேன். அண்ணனின் முகம் நனைந்திருந்தது. அன்று எல்லோர் முகமும்தான் நனைந்திருந்தது. மழைக்கோட்டின் பட்டனைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். மழை போகாத இடத்தில் சட்டை பிழியப் பிழிய வேர்வை ஈரம், உடம்பு ஜில்லென்று இருந்தது. உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

“சக்கர... குடு... சக்கர குடு...”

சக்கரும் இல்லை, குடகாவும் இல்லை. வாழ்நாள் முழுக்க மராத்தியில் சண்டை போட்ட மனிதர், விழும்போது தமிழில் விழுந்திருக்கிறார். நாக்கு குழறியதில் ‘சக்கர’ என்பது ‘சக்கர்’ ஆகிவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், ஒரு புள்ளிதான் வித்தியாசம். அந்தப் புள்ளியில் ஒரு உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் டீப் பாத்திரமும், சர்க்கரை டப்பாவும், பெட்டி பெட்டியாகக் கடலை மிட்டாயும். சர்க்கரை கேட்ட மனிதருக்குச் சர்க்கரை போய்விடாதபடி என் தலைமாணவர் காவல் நின்றுகொண்டிருக்கிறார்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருங்கள். ஜில்லென்ற வேர்வை, சர்க்கரை கேட்கிற வாய்; ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று தெரிகிறது. தெளிவாக விழுங்குகிற ஆளாக இருந்தால் கொடுக்கலாம். முழுக்க நினைவிழந்தவராக இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். இவர் இரண்டுக்கும் நடுவில் இருந்தார். கொடுத்துப் புரையேறினால் அத்தனை பேர் பார்க்க நானே அவரைக் கொன்றவள் ஆவேன். கொடுக்காமல் காத்திருந்தால், ஆம்புலன்ஸ் அந்த ஜனக்கடலைத் தாண்டி வருவதற்குள் அவர் யாரும் கூப்பிட முடியாத இடத்துக்குப் போய்விடுவார். எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் அண்ணி முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

உஸ்தாத் சொன்ன நடுச்சொல்தான் கைகொடுத்தது. கேள். என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை. தினமும் கேட்டுப் பழகிய வாய், அதுவாகக் கேட்டது.

“அண்ணே! சாப்ட்டியளா?”

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் கோணியது. “இன்னும்... இல்லீங்க... மேடம்.”

இதைவிட நல்ல பதிலை எந்தக் கருவியும் எனக்குத் தந்திருக்க முடியாது. காது கேட்கிறது, புரிகிறது, நாக்கு சொன்னபடி கேட்கிறது, சாப்பிடவும் இல்லை. “தூக்கி உட்காரவை” என்றேன்.

சாவந்த் நகரவில்லை. “சிஸ்டர், தோண்டானே காஹி நாஹி! தும்ஹிச் சாங்கித்லே ஹோதே!” வாயில் எதுவும் கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறார். நான்தான் சொன்னேன், இப்போது நான்தான் மாற்றிச் சொல்கிறேன், முதுகைத் தாங்கு என்று கத்தினேன். தாங்கினார். முதலில் ஒரு கரண்டி வெறும் தண்ணீர். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு டீக்காரரின் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வாய் கடைவாயில் வழிந்து மழைக்கோட்டில் ஓடியது. “முழுங்குங்க அண்ணே, முழுங்குங்க” என்று கெஞ்சினேன். இரண்டாவது வாய் உள்ளே போனது. அதற்கு அடுத்ததும் போனது. நான் வாய்விட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

தூரத்தில் சைரன் கேட்டது. “மாவுலி, வாட் த்யா! மாவுலி, வாட் த்யா!” என்று வார்கரிகள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தார்கள். அவர்களுக்கு எதிரே வருகிறவர்கள் எல்லோரும் மாவுலிதான், தாய்தான். தாயே வழி விடு என்று சொல்லிக்கொண்டே அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தாளச் சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் ஆம்புலன்ஸ் ஊர்ந்து வந்தது. அது வந்து நிற்பதற்குள் தனபால் அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டார். எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னா சிஸ்டர், அல்லாரும் என்ன வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? வாழப்பழம் யாரு குடுக்கிறது?”

நான் சிரித்தேன். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

மருத்துவமனையில் மறுநாள்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேலையும் போகவில்லை. ஏணி மட்டும் வேறு ஆளுக்குப் போனது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வாரம் திரும்புவதற்குள் சாவந்த் என் அறைக்கு வந்து பச்சை பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மீ நாஹி கர்ணார், சிஸ்டர்.” இனி நான் செய்யமாட்டேன். “அவர் கேட்டது அது, நான் கையால மறிச்சேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். சரியாச் செஞ்சே ஒரு ஆளக் கொன்னிருப்பேன்.”

அவர்மேல் தவறு இல்லை என்று சொன்னேன். மேனேஜர் விழுந்தபோது சரியாக இருந்த விடை, கேள்வி வருவதற்கு முன்பே எல்லோர் வாயிலும் தயாராக இருந்ததுதான் கோளாறு என்று சொன்னேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. நல்ல கைகள் அவருக்கு. அந்தக் கைகளை இரண்டு பாக்கெட்டிலும் விட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு நல்ல முதலுதவியாளரை இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அடுத்த பயிற்சி வந்தது. கட்டாயம் என்பதால் சாவந்தும் வந்து பின்வரிசையில் சுவரோரம் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தனபால் அண்ணன் எழுந்து முன்னால் வந்தார். காம்சோரைத் தூக்கி ஓரமாக வைத்தார். “இவன் சொன்னா எவனுக்கும் புரியாது” என்று மராத்தியில் சொல்லிவிட்டு, அவன் இடத்தில் தானே மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “சாவந்த், யே.”

சாவந்த் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவும் இல்லை. “நீ வர்ற வரைக்கும் இப்படியேதான் கிடப்பேன். லஞ்ச் போனாலும் சரி. மறுபடியும் சர்க்கரை இறங்கினா நீதான் பொறுப்பு” என்றார். கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது. சாவந்த் மெதுவாக நடந்து வந்து மண்டியிட்டார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார்.

“தனபால்பாவு... ஜேவ்லாத் கா?” சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

“தமிழ்மே பூச்சோ” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். “விழறப்போ எனக்கு மராத்தி வராது.”

சாவந்த் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, “சாப்... சாப்ட்டியளா?” என்றார்.

அண்ணன் படக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஐயய்யோ, இம்மாந் தமிழ் இருக்க, உனுக்கு இந்தத் திருநெல்வேலித் தமிழ்தானாடா கெடச்சது!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அறை முழுக்கச் சிரித்தது. சாவந்தும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அண்ணனின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். பேட்ஜை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மாலையில் அவரே வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு, அவர் ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் தனபால் அண்ணன்தான் நோயாளி. காம்சோருக்கு மார்பை அழுத்தக் கொடுக்கிற வேலை மட்டும் மிஞ்சியது. “மலா சக்கர் நாஹி, சக்கரை ஆஹே” என்று ஆரம்பிப்பார். எனக்குத் தலைசுற்றல் இல்லை, சக்கரை. பிறகு ஒவ்வொருவரும் தன் வீட்டு மொழியில் வலி, மூச்சு, தண்ணீர், சர்க்கரை என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பீகாரிலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள். ஓடி ஒளிந்தவர்களெல்லாம் அதற்காகவே வந்தார்கள். அவரவர் வார்த்தையை மற்றவர்கள் தப்புத் தப்பாகச் சொல்வதைக் கேட்க அப்படி ஒரு ஆசை. அந்தக் கூடத்தின் சத்தத்தை இப்போது யாராவது திருப்பித் தந்தால் நான் காம்சோரின் இடத்தில்கூடப் படுத்துக்கொள்வேன்.

உங்கள் வீடியோவை நான் குறை சொல்லவில்லை. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். அதில் மயங்கி விழுகிறவர் தெளிவான ஆங்கிலத்தில் விழுகிறார், அவ்வளவுதான். நீங்கள் பார்க்கப்போகிறவர்கள் அப்படி விழமாட்டார்கள். பக்கத்து மேசைப் பையன் ஆபீஸில் என்ன மொழி பேசுகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் அம்மாவை எந்த மொழியில் கூப்பிடுவான் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். தினமும் கேட்டிருந்தால்தான் அந்த ஒரு நாளில் வாய் தானாகக் கேட்கும்.

தனபால் அண்ணன் போன வருடம் தவறிப்போனார். சர்க்கரையால் இல்லை, விடியற்காலையில் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் எதையும் கேட்பதற்கு அவர் இடமே வைக்கவில்லை. எடுத்துப்போய் எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துத் திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. அண்ணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளைகள் கெஞ்சினார்கள், சொந்தக்காரர்கள் அதட்டினார்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அழவும் இல்லை, பேசவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாவந்த் சாங்வியிலிருந்து வந்திருந்தார். அண்ணி அவருக்கு வஹினி, மராத்தியில் அதுவும் அண்ணிதான். தலை நரைத்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டம்ளர் டீயை வாங்கிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணிக்கு எதிரே அன்று பயிற்சியில் மண்டியிட்டது போலவே மண்டியிட்டார். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்.

“வஹினி... சாப்ட்டியளா?”

அண்ணி திரும்பினாள். ஒரு மராத்திக்காரர் வாயில் என் ஊர்ப் பேச்சு. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி அண்ணன் எத்தனை நாள் சிரித்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். உதடு முதலில் சிரிப்பதற்குத்தான் கோணியது. அதற்குப் பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் கையை நீட்டி டம்ளரை வாங்கினாள்.

“சக்கர போட்டுக்கீதா?” என்று கேட்டாள்.

சாவந்துக்குச் சொல்லிப் புரியவைக்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார்.